கேள்வி என்பதன் மறுபாதி

விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும். அடுப்படியில் என் மருமகள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். இரு காதுகளிலும் சுண்டைக்காய் அளவில் இரு கருவிகள். முகத்திலோ இசை கேட்பவர்க்கு உரிய மலர்ச்சி இல்லை. புருவம் சற்றே நெரிந்திருந்தது. "என்னம்மா, பாட்டா?" என்று வினவினேன். "பாட்டு இல்லை மாமா, பாடம்" என்றாள்.

அவள் கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தாதியாகப் பணிபுரிகிறவள். ஆங்கிலத்தில் பாட்காஸ்ட் என்றும் தமிழில் வலையொலி என்றும் வழங்கும் ஒலிப்பதிவுகளின் வாயிலாக, நாள்தோறும் அரைமணி நேரமேனும் தன் தொழிலறிவைப் புதுப்பித்துக்கொள்வது அவள் வழக்கம். கிருமித் தொற்று உடல் முழுதும் பரவிவிட்ட நோயாளிக்கு முதல் சில மணி நேரத்தில் எவ்வளவு நீர்மம் ஏற்றுவது என்பது அன்றைய பாடமாம். கை வெங்காயத்திலும் காது நோயாளியிடத்திலுமாக அவள் நின்றிருந்த காட்சி என் நெஞ்சை ஒரு கணம் திடுக்கிடச் செய்தது. அத்திடுக்கீட்டின் காரணம் நாற்பது ஆண்டுகளுக்கு முந்தியது. அதனைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத இயலாது. ஆயினும் அதற்கு முன்னர் அவள் பக்கத்து நியாயத்தை எடுத்துரைப்பதே முறை.

மருத்துவத் தொழிலில் ஒருமுறை கற்றது ஆயுள் முழுமைக்கும் போதுவதில்லை. கைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதே நல்லது என்று மேலைநாட்டு நூல்கள் நெடுங்காலம் உரைத்து வந்தன. உறங்கும் குழந்தை திடீரென இறந்துபோகும் ஆபத்தை அப்பழக்கம் மிகுவிக்கிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. குழந்தையை மல்லாக்கக் கிடத்துங்கள் என்னும் பேரியக்கம் பிரிட்டனில் 1991ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டிலும் தொடங்கிற்று. 1990ஆம் ஆண்டோடு படிப்பதை நிறுத்திக்கொண்ட ஒரு தாதியை எண்ணிப் பாருங்கள். அவர் அன்பிற் குறைந்தவர் அல்லர். பொறுமையிலும் குறைந்தவர் அல்லர். ஆனால் அவர் அன்போடு சொன்ன சொல்லே ஒரு வீட்டுத் தொட்டிலை வெறுமையாக்கியிருக்கக் கூடும். தையற்காரர் பழைய பாணியிலேயே தைத்துக்கொண்டிருந்தால் நட்டம் அவருடையது. மருத்துவம் செய்பவர் பழைய பாணியிலேயே நின்றுவிட்டால் நட்டம் பிறருடைய உடலில் நிகழ்கிறது. ஆகவே இத்தொழிலார்க்குத் தொடர்ந்து கற்றல் என்பது விருப்பம் அன்று; கடன்.

அக்கடனை எப்போது, எங்கே செலுத்துவது? மாநாட்டிற்குச் செல்ல விடுப்பு வேண்டும், கட்டணம் வேண்டும். இரவுப் பணி முடித்து வந்தவரின் கண்கள் அச்செழுத்தில் நிலைக்க மறுக்கின்றன. சபா, சரவாக் மாநிலங்களின் உட்பகுதியில் உள்ள சிறு மருந்தகத்தில் தனித்து நிற்கும் உதவியாளர் எந்த வல்லுநரைத் தேடிப் போவார்? அத்தகையோர்க்குக் காசின்றி, கையில் உள்ள தொலைபேசியின் வழியே, உலகின் சிறந்த ஆசிரியர்களின் குரல் வந்து சேர்கிறது என்றால், அதனைக் குறை கூறுவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

செவிவழிக் கல்வி நமக்குப் புதியதும் அன்று. வள்ளுவர் 'கல்வி'க்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல் 'கேள்வி'க்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். மருத்துவமோ செவியை நம்பியே வளர்ந்த கலை. 1816ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் லென்னெக் என்னும் மருத்துவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார்; அன்று தொட்டுக் கேட்கும் கருவியே அத்தொழிலின் அடையாளமாக விளங்குகிறது. மருத்துவர்க்கென ஒலிப்பதிவுப் பாடங்கள் எழுந்ததும் நேற்றன்று. கலிபோர்னியாவில் 1953ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'ஆடியோ டைஜஸ்ட்' மருத்துவச் செய்திகளை ஒலிநாடாவில் பதிந்து அனுப்பி வந்தது. இங்கிலாந்தில் ஜான் கிரேவ்ஸ், வேலரி கிரேவ்ஸ் என்னும் மருத்துவத் தம்பதியர் 1957ஆம் ஆண்டு முதல் பொது மருத்துவர்களுக்கு அஞ்சல்வழி நாடாக்களை அனுப்பினர். சிறு குழுவாகக் கூடிக் கேட்டு, கேட்டதைப் பற்றி உரையாடவும் அவை பயன்பட்டன. இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். 'பாட்காஸ்ட்' என்னும் சொல் 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'கார்டியன்' நாளேட்டில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் முளைத்தது. 2012ஆம் ஆண்டு டப்ளின் நகரில் நடந்த அவசர மருத்துவ மாநாட்டின் போது, ஆஸ்திரேலிய மருத்துவர் மைக் கடோகன், இலவசமாக எவரும் பெறத்தக்க மருத்துவக் கல்வி என்னும் கருத்துக்குப் பெயர் சூட்டினார். அதன் பின்னர் இக்குரல்கள் பெருகின.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் தோட்ட மருத்துவமனைகளில் மருத்துவ உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டத்து மக்கள் எங்களை 'டிரசர்' என்பார்கள். 1982ஆம் ஆண்டு, ஐந்நூறு குடும்பங்கள் வாழ்ந்த ஒரு ரப்பர்த் தோட்டம். மழைக்காலம் வந்துவிட்டால் லயத்துக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடும். வயிறு போகும் குழந்தைக்கு ஒரு நாள் பாலும் உணவும் நிறுத்தி வயிற்றுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதே நான் பயிற்சிக் காலத்தில் கற்றது. அது தவறு, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை இடைவிடாது புகட்ட வேண்டும், தாய்ப்பாலை நிறுத்தலாகாது என்னும் புதுக் கருத்து அப்போது பரவிக்கொண்டிருந்தது. அண்டைத் தோட்டத்து நண்பர் ஒருவர், குழந்தை மருத்துவ வல்லுநரின் ஆங்கிலச் சொற்பொழிவு அடங்கிய ஒலிநாடா ஒன்றை எனக்கு இரவல் தந்தார். மாத்திரைகளை எண்ணிப் பொட்டலம் கட்டியவாறே ஒரு பிற்பகலில் அதனைக் கேட்டு முடித்தேன். உண்மையில் மகிழ்ந்தேன். எவ்வளவு எளிய மருத்துவம்! ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீர், ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. கலவைப் பொட்டலங்கள் எங்கள் தோட்டத்தை வந்தடையாத காலம் அது. மறுநாளே தாய்மார்களை அழைத்துச் சொல்லத் தொடங்கினேன்.

ஒரு தாய், பத்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்தபடி கேட்டார்: "எந்தக் கரண்டி ஐயா?"

வெளியே நாற்பது பேர் காத்திருந்தனர். "வீட்டிலே இருக்கிற கரண்டிதான்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தேன்.

இரண்டாம் நாள் மாலை அக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். விழிகள் மங்கியிருந்தன, தொட்டால் வீறிட்டது, என் மேசை மீதே வலிப்புக் கண்டது. தோட்டத்து வண்டியில் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினேன். இரவு பத்து மணிக்கு அங்கிருந்த இளம் மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். குரலை உயர்த்தாமல், "கரண்டி என்று எதைச் சொன்னீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நாடாவில் இருந்த வல்லுநர் சொன்னது தேக்கரண்டி; அதுவும் தலைதட்டி அளந்தது. அன்றிரவு நாடாவைத் திரும்பச் சுற்றிக் கேட்டபோது அவர் அதனை இரண்டு முறை அழுத்திச் சொல்லியிருப்பதைக் கண்டேன். அந்தத் தாய் அளந்தது மேசைக்கரண்டி. உப்பு மும்மடங்கு, சர்க்கரையும் மும்மடங்கு. ஆங்கிலத்தில் கரண்டிக்குக் கரண்டி பெயர் வேறு. லயத்துத் தமிழிலோ எல்லாம் 'கரண்டி'தான். ஒரு மொழியில் கேட்டதை மற்றொரு மொழிக்குக் கடத்துகையில், ஒரு சொல்லின் முன்பாதி என் கையிலிருந்து நழுவி விழுந்துவிட்டது.

குழந்தை பிழைத்தது, பதினொரு நாள் கழித்து வீடு திரும்பியது. "டிரசர் ஐயா உடனே வண்டி வைத்து அனுப்பினார், அதனால்தான் என் பிள்ளை பிழைத்தது" என்று அத்தாய் லயமெங்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நன்றியை நான் பல ஆண்டுகள் சுமந்தேன்.

இதைக் கொண்டு செவிவழிக் கல்வியே தீது என முடிவு கட்டுவார் இருக்கலாம். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் அதே உப்புநீரின் வரலாறே அம்முடிவை மறுக்கிறது. 1971ஆம் ஆண்டு வங்காளதேசப் போரின் போது எல்லை கடந்து வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் போன்காவ் நகரில் நெருக்குண்டு கிடந்தனர். வாந்திபேதி பரவிற்று, நாளத்தில் ஏற்றும் நீர்மம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலநபிஸ் குளுக்கோசும் உப்பும் சோடாவும் கலந்த நீரை உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். அம்முகாமில் 100க்கு 30 என்றிருந்த மரணம் 4க்கும் கீழே இறங்கிற்று. அக்கலவையின் அளவு, மறைவாக இயங்கிய வங்காளதேச வானொலி ஒன்றின் வழியாகவும் மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. காதால் கேட்டே உயிர் காத்தவர் பலராதல் வேண்டும்.

என் தவறுக்கு மாத்திரை எண்ணிய கைகளைப் பழி சொல்லி வந்தேன். அந்தச் சமாதானமும் அண்மையில் கைநழுவிப் போயிற்று. அமெரிக்காவில் அவசர மருத்துவம் பயிலும் மருத்துவர்களை இரு வகையாகக் கேட்கச் செய்து ஓர் ஆய்வு நடத்தினர். அமர்ந்து கேட்டபோதும் காரோட்டிக்கொண்டு கேட்டபோதும் அவர்கள் அறிந்துகொண்டதிலும் நினைவில் நிறுத்தியதிலும் குறிப்பிடத்தக்க வேற்றுமை தோன்றவில்லை. மருமகள் இதனை எடுத்துக் காட்டியபோது அவள் வெங்காயத்தின் மீது நான் கொண்டிருந்த ஐயம் கரைந்தது. ஆனால் வேறொரு வினா எழுந்தது. கைகள் குற்றவாளி அல்ல என்றால், குற்றம் எங்கே நேர்ந்தது?

நம் மொழியே இதற்கு விடை வைத்திருக்கிறது. 'கேள்' என்னும் வினையைப் பாருங்கள். செவிமடுத்தலும் கேட்டலே, வினவுதலும் கேட்டலே. 'ஆசிரியரைக் கேட்டேன்' என்றால் அவர் சொல்லக் கேட்டதாகவும் கொள்ளலாம். அவரிடம் வினா எழுப்பியதாகவும் கொள்ளலாம். இவ்விரண்டையும் ஒரு சொல்லுக்குள் வைத்த முன்னோர் எதை எண்ணினர் என்று நான் ஆராயப் போவதில்லை. சொல்லாராய்ச்சி எனக்குக் கைவந்த துறையும் அன்று. ஆனால் நோயாளியின் முன் நிற்பவனுக்கு இவ்விரண்டும் ஒரே செயலின் இருபாதிகள் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல வல்லேன். அன்று என்னிடம் இருந்தது முன்பாதி. மறுபாதியை அந்தத் தாய் தம் நாவில் ஏந்தி வந்து என் மேசை முன் நின்றார். எழுதப் படிக்கத் தெரியாத அப்பெண்மணி எழுப்பிய வினாவே அச்சொற்பொழிவைப் பற்றி எழுப்பப்பட வேண்டிய சரியான வினா. நான் அதனை வினாவாகக் கொள்ளாமல் இடையூறாகக் கொண்டேன். குற்றம் நேர்ந்த இடம் அதுதான்.

எழுத்தைப் பற்றிச் சாக்ரடீஸ் கூறிய குறை ஒன்று பிளேட்டோவின் 'பீட்ரஸ்' நூலில் வருகிறது. எழுத்தை நோக்கி எதை வினவினாலும் அது முன் சொன்னதையே திரும்பச் சொல்லும் என்பது அக்குறை. உயிருள்ள குரலே அவர் போற்றியது. ஆனால் குரலையும் பிடித்து அடைத்துவிடும் காலம் வரும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார். அடைபட்ட குரல் எழுத்தைப் போலவே வினாவுக்கு மறுமொழி தராது. அது மட்டுமா? தாள் மஞ்சளாகும், பழைய நூலைக் கையில் எடுக்கும்போதே அதன் வயது தெரிந்துவிடும். குரலோ மூப்படைவதில்லை. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோவிட் நோய்க்கு ஸ்டீராய்டு மருந்தை வழக்கமாகத் தரவேண்டாம் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அவ்வாண்டு ஜூன் மாதம் பிரிட்டனின் 'ரிகவரி' ஆய்வு, உயிர்வளி தேவைப்படும் நோயாளிகளிடத்தில் டெக்சாமெத்தசோன் மரணத்தைக் குறைக்கிறது என்று காட்டிற்று. சில மாதங்களில் அறிவுரை தலைகீழாயிற்று. ஆனால் மார்ச் மாதத்தில் பதிவான ஒரு வலையொலியை இன்று திறந்தாலும், அக்குரல் அதே நம்பிக்கையோடு, நம் தோளில் கைபோட்டுப் பேசும் நண்பனைப் போல, பழையதையே சொல்லும். நண்பனின் குரலை ஐயுறுவது நமக்கு அரிது. அச்சில் கண்டால் எதிர்வாதம் செய்யும் மனம், காதருகே வரும் இனிய பேச்சுக்குத் தலையாட்டிவிடுகிறது. வலையொலியின் ஆற்றலும் ஆபத்தும் ஓரிடத்திலேயே உறைகின்றன என்பது என் கருத்து.

என் கதையை மருமகளிடம் அன்று காலையே சொன்னேன். காதுக் கருவிகளைக் கழற்றி மேசை மீது வைத்துவிட்டு முழுவதும் கேட்டாள். பிறகு, "அந்த அம்மா கேட்டபோதே நாடாவைத் திரும்பச் சுற்றிக் கேட்டிருக்கலாமே, ஏன் மாமா கேட்கவில்லை?" என்றாள். நாற்பது பேர் காத்திருந்தனர் என்பதைத் தவிர என்னிடம் மறுமொழி இல்லை. "எங்கள் வார்டிலும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மீண்டும் அடுப்பருகே சென்றாள்.

அச்சொல் என்னை வேறொரு பக்கம் திருப்பிற்று. தனி மனிதரின் கடமையை மட்டும் பேசிவிட்டு நிறுவனங்களின் கடமையைப் பேசாமல் விடுவது நேர்மை ஆகாது. சிங்கப்பூரில் மருத்துவர்க்குத் தொடர்கல்வி 2003ஆம் ஆண்டிலிருந்து கட்டாயம். மலேசியாவில் 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், தொழில் செய்வதற்கான ஆண்டுச் சான்றிதழைப் புதுப்பிக்கத் தொடர்கல்விக்கான சான்றைக் கேட்கிறது. தாதியர்க்கும் புள்ளிக் கணக்கு உண்டு. கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; கணக்கே இல்லாத காலத்தில் என்னைப் போன்றோர் பழைய பாடத்தை எத்தனை ஆண்டுகள் சுமந்து திரிந்தோம் என்பதை நான் அறிவேன். ஆனால் புள்ளி எதற்குக் கிடைக்கிறது? அமர்ந்திருந்ததற்கும் கேட்டு முடித்ததற்கும் கிடைக்கிறது. சில இடங்களில் இறுதியில் ஐந்தாறு வினாக்களுக்கு விடை குறித்தால் கிடைக்கிறது. கேட்டவர் திருப்பி வினவினாரா என்பதற்குப் புள்ளி இல்லை. மேலும், கற்கும் நேரம் யாருடையது என்று பாருங்கள். மருத்துவமனை அதற்கென ஒதுக்கிய நேரம் சொற்பம். வெங்காயம் அரியும் நேரமும் இரயிலில் நிற்கும் நேரமும் தூக்கத்திலிருந்து வெட்டி எடுத்த நேரமுமே அவள் கல்விக்கூடம். பிறர் உயிருக்காகச் செய்யும் கல்வியைத் தன் வீட்டு நேரத்திலிருந்து கொடு என்று ஒருவரைக் கேட்பது முறையா? கேட்கிறோம்; அவரும் கொடுக்கிறார். கொடுப்பவர் பெரும்பாலும் பெண்கள் என்பதால் அது கண்ணுக்குப் படுவதில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது.

பணிநேரத்திலேயே கால்மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒருவர் தாம் கேட்டதைத் தம் நோயாளிகள் பேசும் மொழியில் சொல்லட்டும். மற்றவர்கள் வினவட்டும். கிரேவ்ஸ் தம்பதியரின் நாடாவைச் சுற்றி அமர்ந்த மருத்துவர்கள் செய்தது இதற்கு ஏறத்தாழ ஒப்பானதே; கருவி மாறியபோது அந்த வட்டத்தை நாம் கைவிட்டோம். தாய்மொழியில் சொல்லிப் பார்க்கும்போதுதான் எந்தச் சொல்லின் முன்பாதி நம் கையில் இல்லை என்பது புலப்படுகிறது. தமிழில் கரண்டியாகவும் மலாயில் 'சூடு'வாகவும் ஆகும்போது எதை இழக்கிறோம் என்பதைக் கேட்பதற்கு ஆங்கில வல்லுநர் வரமாட்டார். பக்கத்தில் நிற்கும் சகதாதிதான் கேட்பார். சில வேளைகளில் நோயாளியின் தாயே கேட்பார்.

மருமகள் தன் பிரிவில் இப்படி ஒன்றைத் தொடங்கியிருக்கிறாள். வியாழக்கிழமை தோறும், பணி மாறும் வேளையில், நான்கைந்து பேர் மருந்து அலமாரியின் அருகே நின்றபடியே பேசிக்கொள்கிறார்களாம். சென்ற வாரம் அவள் சொன்ன பாடத்தில், நோயாளியின் எடைக்கேற்ப நீர்மத்தை அளக்கும் கணக்கு வந்தது. புதிதாகச் சேர்ந்த இளம் தாதி ஒருத்தி, படுக்கையில் கிடப்பவரை நிறுக்க இயலாதபோது எந்த எடையைக் கொள்வது என்று கேட்டாளாம். ஒருவருக்கும் உடனே விடை தெரியவில்லை. மருத்துவரிடம் கேட்டு எழுதி ஒட்டுவதாக முடிவு செய்தார்கள். இன்னும் ஒட்டவில்லை, அடுத்த வியாழனுக்குள் ஒட்டிவிடுவோம் என்கிறாள். பணிப்பட்டியல் மாறினால் இந்தக் கூட்டம் நிற்குமோ தொடருமோ என்பது அவளுக்கே உறுதியில்லை.